ரிடையர்மென்ட் அவருக்கு மட்டும்தானா?

தமிழக அரசு ஊழியர்களின் ஓய்வு வயது, 2020ல், 58லிருந்து 59 ஆனது. 2021ல், 60 ஆனது. அடுப்படி ஊழியர்களான நமக்கு எந்த வயதில் ஓய்வு?

கணவர் ரிடையரானதும், பல வீடுகளில் மனைவிக்கு வேலை இரண்டு மடங்காகி விடுகிறது. 10 மணிக்கு ஒரு காபி, 11 மணிக்கு ஒரு டீ, 'சும்மாதானே இருக்கே...' என்று மாலையில் பஜ்ஜி!

எங்கள் பக்கத்து வீட்டு அக்கா கெட்டிக்காரி. கணவர் ஓய்வு பெற ஆறு மாதம் இருக்கும்போதே, 'ஏங்க, உங்களோட சேர்ந்து நானும் பாதி ரிடையர் ஆகப் போறேன்...' என்று சொல்லி விட்டார்.

இப்போது, காலை காபியும், காய் நறுக்குவதும் அவர் பொறுப்பு. ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் ஒரு பகுதியை, தபால் ஆபீசில், மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில், இருவர் பெயரிலும் போட்டுள்ளனர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் வட்டி, அக்கா கைக்கு!

பவுர்ணமி கூட்டத்தில் சிக்காமல், சாதாரண நாளில், விடியற்காலையில், 14 கி.மீ., கிரிவலம் போகின்றனர். கால் வலித்தால், வழியில் ஏதாவது ஒரு லிங்கத்தின் சன்னிதியில் உட்கார்ந்து, கதை பேசி விட்டு நடக்கின்றனர்.

கணவரின் ஓய்வு தேதி முன்கூட்டியே தெரிந்ததுதான். நம் ஓய்வு பற்றியும் அதற்கு முன்பே பேசி வைத்துக் கொள்ளலாமே, தோழியரே!

— ஒரு வாசகி, திருவண்ணாமலை.