வீட்டில் காப்பிக்கொட்டை வறுக்கும் உபதொழில்

தறி ஓடாத நாட்களும் மழை பொய்த்த பருவங்களும் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக்குப் புதியவை அல்ல. ஆதலின், சிறு முதலில் வீட்டிலிருந்தே செய்யத்தக்க உபதொழிலை நம் அங்கத்தினர்கள் நாடுவது இயல்பே. காப்பிக்கொட்டையை வறுத்து அரைத்து விற்பது அத்தகைய தொழில்களுள் ஒன்று. அதில் இலாபம் எங்கே இருக்கிறது, நஷ்டம் எங்கே ஒளிந்திருக்கிறது என்பதை இங்கு ஆராய்வோம்.

நம் கரிசலில் பருத்தியும் கொத்தமல்லியும் விளையும், காப்பி விளையாது. ஆயினும் கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடியும், அதன் அடிவாரப் பக்கத்தில் காப்பி பதப்படுத்தும் ஊரான பட்டிவீரன்பட்டியும் நமக்கு எட்டாத தூரத்தில் இல்லை. 1942ஆம் ஆண்டுக் காப்பிச் சட்டத்தின்கீழ்க் காப்பி வாரியமே விளைச்சலைத் திரட்டி விற்கும் முறை நெடுங்காலம் இருந்தது. 1990களில் அது படிப்படியாகத் தளர்ந்து, 1996இல் நீங்கிற்று. இன்று சிறு வியாபாரியும் விவசாயியிடம் நேரே பச்சைக்கொட்டை வாங்கலாம். அரபிகா மணத்துக்கும், ரொபஸ்டா கெட்டித்தன்மைக்கும் பெயர் பெற்றவை. கறுத்ததும் பூச்சி துளைத்ததுமான கொட்டைகளை வறுக்குமுன் பொறுக்கி நீக்க வேண்டும்.

வறுப்பதற்குக் கையால் சுற்றும் இரும்பு உருளை போதும். இடைவிடாது சுற்றினால்தான் சூடு சமமாகப் பரவும். பச்சைக்கொட்டை முதலில் மஞ்சளாகும், பின் பழுப்பாகும். ஏறத்தாழ 200 டிகிரி சென்டிகிரேடில் முதல் வெடிப்பொலி கேட்கும். 225 டிகிரியை நெருங்கும்போது இரண்டாம் வெடிப்புத் தொடங்கும். அதன்பின் மேலே எண்ணெய் கசியும். மேலும் விட்டால் கரிந்து கசக்கும். இறக்கிய பின்னும் உட்சூட்டினால் கொட்டை வறுபடுமாதலால், உடனே அகன்ற தட்டில் பரப்பி, விசிறி ஆற்றுதல் அவசியம். வறுத்த கொட்டையிலிருந்து கரியமில வாயு வெளிப்படும். ஆகையால் ஒரு நாள் பொறுத்து அரைத்துப் பொட்டலமிடுவது நலம். தூளின் மணம் விரைவில் போய்விடும். வாரத் தேவைக்கு மேல் அரைத்து வைக்கலாகாது.

நெசவாளர் இல்லங்களுக்கு ஓர் எச்சரிக்கை. தறி உள்ள அறையில் ஒருபோதும் வறுக்கக் கூடாது. நூல் புகை நாற்றத்தைப் பற்றிக்கொள்ளும். வறுக்கும்போது உதிரும் மெல்லிய தோல் எளிதில் தீப்பற்றும். பக்கத்தில் பஞ்சுத்தூசி இருந்தால் விபரீதம் சொல்லத் தேவையில்லை. காற்றோட்டமுள்ள தனி இடமே உகந்தது.

இனிக் கணக்கைப் பார்ப்போம். ஈரக் கொத்தமல்லி காய்ந்தால் எடை குறைவதை நம் விவசாயிகள் அறிவர். பச்சைக்கொட்டையும் வறுபடும்போது நூற்றுக்கு 15 முதல் 20 பங்கு எடை இழக்கும். கிலோ 500 ரூபாய் வீதம் 10 கிலோ வாங்கியதாக வைத்துக்கொள்வோம். போட்ட முதல் 5,000 ரூபாய். கையில் மிஞ்சுவது 8 கிலோ. அப்படியானால் அடக்கவிலை கிலோவுக்கு 625 ரூபாய். இதை எண்ணாமல், வாங்கிய விலையில் 50 ரூபாய் கூட்டி 550க்கு விற்பவர், கிலோவுக்கு 75 ரூபாய் இழந்துகொண்டே இலாபம் வருவதாக நினைப்பார். விறகு, அரைப்புக்கூலி, பொட்டலச் செலவு இதற்கு மேல். கடனுக்குக் கொடுத்துவிட்டால் அடுத்த மூட்டைக்கு முதல் இராது.

இந்த நஷ்டத்தைச் சிக்கரியால் ஈடு செய்ய எண்ணுவது தவறு. சிக்கரி கலப்பது குற்றமன்று, மறைப்பதே குற்றம். கலவையில் காப்பி நூற்றுக்கு 51 பங்குக்குக் குறையக் கூடாது. விகிதத்தைப் பொட்டலத்தின் மேல் அச்சிட வேண்டும். 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டப்படி பதிவும் பெறவேண்டும்.

தனியொருவருக்கு அரைவை இயந்திரம் பாரமாகலாம். ஐந்தாறு குடும்பங்கள் கூடினால் பாரமில்லை. காப்பி வாரியம் தன் காப்பி நிலையங்களை மூடியபோது, வேலையிழந்த தொழிலாளர்கள் ஏ. கே. கோபாலன் போன்றோரின் துணையுடன் 1957இல் பெங்களூரில் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, அத்தொழிலைத் தாமே ஏற்று நடத்தினர். அவர்களுக்குக் கைகொடுத்த ஒற்றுமை நமக்கும் கைகொடுக்கும்.

முதலில் இரண்டு கிலோ வறுத்து, நம்மூர்த் தண்ணீரிலேயே காப்பி போட்டு, அண்டை வீட்டாருக்குக் கொடுத்துப் பாருங்கள். உவர்நீரில் சுவை மாறும். அவர்கள் மறுமுறை காசு கொடுத்துக் கேட்டால், அதன்பின் மூட்டை வாங்கலாம்.