பெண்டிர் உத்தியோகமும் சட்டத்தின் காவலும்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் முன்னோர் வாக்கு. உத்தியோகம் பார்க்கும் பெண்மக்களுக்குச் சட்டம் அளிக்கும் காவலும், கேட்பாரின்றேல், ஏட்டளவிலேயே நின்றுவிடும். இதனை ஒரு வழக்கினால் விளக்கப் புகுகின்றோம்.

1950-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியற் சட்டத்தின் 16-ஆம் பிரிவு, பெண் என்னும் காரணம் ஒன்றே பற்றி எவரையும் அரசாங்க உத்தியோகத்தினின்று விலக்குதல் ஆகாது எனத் தெளிவாய்க் கூறுகின்றது. ஆயினும், 1961-இல் வெளிநாட்டுத் தூதுப் பணிக்கென வகுக்கப்பட்ட விதிகளோ இதற்கு மாறாயிருந்தன. மணமான பெண் அப்பணியை உரிமையாகக் கோரலாகாது. பணியிலுள்ள பெண் மணஞ்செய்யுமுன் அரசாங்கத்தாரிடம் எழுத்து மூலம் அனுமதி பெறவேண்டும். மணந்தபின் குடும்பக் கடமைகள் வேலைக்கு இடையூறாகுமெனத் தோன்றின், அவளை விலகுமாறு கட்டளையிடலாம். ஆடவர்க்கோ இத்தகைய தடை யாதுமில்லை.

இவற்றை எதிர்த்து வழக்காடியவர் சி. பி. முத்தம்மா அம்மையார். சென்னைப் பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியிற் பயின்ற இவர், 1949-இல் அப்பணியிற் சேர்ந்த முதற் பெண்மணியாவார். பதவி உயர்வு மறுக்கப்படவே, சுப்ரீம் கோர்ட்டை அடைந்தார். வழக்கு முடியுமுன்னரே அவருக்கு உயர்வு அளிக்கப்பட்டது. மேற்கூறிய விதிகளுள் முதலாவது 1973-இல் நீக்கப்பட்டதென்றும், மற்றதும் நீக்கப்படவிருக்கின்றதென்றும் அரசாங்கத்தார் தெரிவித்தனர். ஆகவே, 1979-இல் மனு தள்ளப்பட்டது. எனினும், நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் வாளாவிருந்தாரல்லர். குடும்பக் கடமை பெண்ணின் வேலைக்கு இடையூறாகுமெனின், ஆணின் வேலைக்கும் ஆகக்கூடுமன்றோ என அவர் சுட்டிக் காட்டினார். தொழிலின் இயல்பு வேற்றுமையை வேண்டுமென மெய்ப்பிக்கப்பட்டாலன்றிச் சமத்துவமே ஆளவேண்டும் என்பது அவர் துணிபு. வழக்குகள் ஒவ்வொன்றாக வருமளவும் காத்திராது, எல்லாப் பணிகளின் விதிகளையும் ஆராய்ந்து இக்களங்கத்தைப் போக்குமாறும் அவர் அறிவுறுத்தினார்.

மேற்கூறிய 16-ஆம் பிரிவு அரசாங்க வேலைக்கே உரியது. தனியார் நிலையங்களிலும் ஒத்த வேலைக்கு ஒத்த ஊதியம் வேண்டுமென விதிக்க, 1976-இல் தனிச் சட்டம் ஒன்று தேவையாயிற்று.

இதனால் நாம் அறிவது யாது? அரசியற் சட்டம் நிலைபெற்றுப் பதினோராண்டு கழிந்த பின்னரும் அதற்கு மாறான விதிகளை வகுத்தல் இயன்றது. அவற்றைத் தட்டிக் கேட்க ஒருவர் வேண்டியிருந்தார். பட்டம் பெற்றுச் செல்லும் நம் சகோதரிகள், நியமனக் கடிதத்திற் கையொப்பமிடுமுன் அதன் நிபந்தனைகளைக் கருத்தூன்றிப் படிப்பாராக. நாளை பிறர்க்கு வேலையளிக்கும் நிலையை எய்தும் சகோதரரும், அத்தகைய நிபந்தனைகளை எழுதாதிருப்பாராக.