மனை வாங்கும் முன் வக்கீலைப் பாருங்கள்

காஞ்சன்பாக்கில் 1970-ல் பாரத் டைனமிக்ஸும் 1973-ல் மிதானியும் தோன்றிய நாள் முதல் தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே குடியேறியவர்கள் பலர். ஓய்வு பெறும் நாளில் பிராவிடண்டு பண்டும் கிராஜுவிட்டியும் மொத்தமாகக் கைக்கு வருகின்றன. ஊரிலுள்ள உறவினருக்குச் செய்தி எட்டுவதற்குள் மனைத் தரகர் வாசலில் வந்து நிற்கிறார்.

நண்பர் ஒருவருக்கும் அப்படித்தான். புறநகரில் ஏரிக்கரையை அடுத்து 200 சதுர கஜம்; நம் ஊர்க் கணக்கில் நான்கு சென்ட்டுக்குச் சற்று அதிகம். தரகர் காரில் அழைத்துப்போய்க் காட்டினார். வில்லங்கச் சான்றும் கையிலேயே இருந்தது. "வக்கீலிடம் ஒரு வார்த்தை கேளுங்களேன், சார்" என்றேன். "அவருக்கு எதற்கய்யா சில ஆயிரம் தண்டம்? பத்திரத்தைத்தான் சர்க்காரே ரிஜிஸ்தர் செய்து கொடுக்கிறதே!" என்றார். தரகருக்குக் கமிஷன் கொடுக்க மட்டும் அவர் தயங்கவில்லை.

நம்மவர்கள் பெரும்பாலோர் ஏமாறும் இடம் இதுதான். சப்-ரிஜிஸ்திரார் பத்திரத்தைப் பதிவு செய்கிறாரே தவிர, விற்பவருக்கு அந்த நிலம் உண்மையிலேயே சொந்தம் என்று உறுதி கொடுப்பதில்லை. வில்லங்கச் சான்றும் பதிவான பத்திரங்களைத்தான் காட்டும். பதிவாகாத பங்கு, வாய்மொழிப் பாகப் பிரிவினை இவையெல்லாம் அதில் வரமாட்டா.

ஐதராபாத் நிலத்துக்கென்று தனிச் சிக்கலும் உண்டு. நிஜாம் காலத்து ஜாகீர், இனாம், வக்பு என்று பல வகை நிலங்கள். உருதுவில் எழுதிய பழைய தஸ்தாவேஜுகள். 1954-55-ம் ஆண்டின் கஸ்ரா பஹாணியை இங்குள்ள வக்கீல்கள் முதலில் கேட்பார்கள். நம் ஊர் அடங்கலைப் போன்றது அது. ஏழைகளுக்குச் சர்க்கார் ஒப்படைத்த நிலமானால், 1977-ம் ஆண்டுச் சட்டப்படி அதை விற்க முடியாது. வாங்கியவருக்கு உரிமையும் கிடையாது. பவர் பத்திரத்தை மட்டும் எழுதிக் கொடுத்து விற்றால் அது கிரயம் ஆகாது என்று சுப்ரீம் கோர்ட் 2011-ல் தீர்ப்பளித்துவிட்டது. ஆனாலும் அந்த வியாபாரம் முற்றிலும் நின்றபாடில்லை.

ஏரி சங்கதிக்கு வருவோம். 2020 அக்டோபர் மழையில் குர்ரம் செருவு உடைத்துக்கொண்டு, காஞ்சன்பாக்கை ஒட்டிய ஹாபிஸ் பாபா நகருக்குள் வெள்ளம் புகுந்ததை இங்குள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2024 ஜூலையில் ஏற்பட்ட 'ஹைட்ரா' அமைப்போ ஏரிப் பகுதியில் கட்டிய கட்டடங்களை இடிக்கத் தொடங்கியது. ஏரியின் முழு நீர்மட்ட எல்லைக்குள் கட்டடம் கூடாது. பெரிய ஏரியானால் அதற்கு வெளியேயும் 30 மீட்டர் விட வேண்டும். கோடைக் காலத்தில் போய்ப் பார்த்தால் காய்ந்த தரைதான் தெரியும். எல்லை எங்கே என்று சொல்ல வரைபடமும் சர்வேயரும் வேண்டும்.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். விற்பனை முடிந்தால்தான் தரகருக்குப் பணம். வக்கீலுக்கோ, "வாங்காதீர்கள்" என்று சொன்னாலும் பீஸ் உண்டு. ஆகவே உண்மையைச் சொல்வதால் அவருக்கு நஷ்டமில்லை. ஆனால் அவர் நீங்களே தேடிப் பிடித்தவராக இருக்க வேண்டும். தரகர் அழைத்து வரும் வக்கீல் உதவார். பாங்கில் கடன் கொடுக்கிறார்களே என்று நிம்மதியாக இருந்துவிடுவதும் தவறு. பாங்கின் வக்கீல் பார்ப்பது பாங்கின் பணத்துக்குப் பாதுகாப்பு உண்டா என்பதைத்தான். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட இடத்தை மனைகளாகப் பிரித்து விற்பவர், 2016-ம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவு எண்ணைக் கேட்பதற்குச் செலவு ஏதுமில்லை.

பீஸ் கொடுக்க வசதியில்லையா? 1987-ம் ஆண்டுச் சட்ட உதவிச் சட்டத்தின்படி பெண்களுக்கும் ஆலைத் தொழிலாளர்களுக்கும் இலவச சட்ட உதவி பெற உரிமை உண்டு. வருமான வரம்பு அவர்களுக்கு இல்லை. வழக்கு நடத்துவதற்கு மட்டுமல்ல, ஆலோசனை கேட்கவும் போகலாம். கோர்ட் வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விசாரித்தால் விவரம் சொல்வார்கள். நம்மவர்களில் இது தெரிந்தவர்கள் குறைவு.

நண்பர் கடைசியில் அரை மனதோடு என்னுடன் ஒரு வக்கீலிடம் வந்தார். வக்கீல் காகிதங்களைப் புரட்டிவிட்டு, "மூலப் பத்திரம் எங்கே? மனைப் பிரிவுக்கு அனுமதி கொடுத்தது யார்?" என்று இரண்டே கேள்விகள் கேட்டார். தரகரிடம் கேட்டுச் சொல்வதாக நண்பர் எழுந்து வந்தார். நாளைக்குக் கொண்டு வருகிறேன் என்று சொன்ன தரகர், அதற்குப் பிறகு அந்தத் தெருப் பக்கமே தலைகாட்டவில்லை.