புயல்: ஒரு சொல்லும் அதன் இரு முகங்களும்

"புயல்" என்னுஞ் சொல் இன்று அழிவின் சொல்லாகவே நம் செவியில் ஒலிக்கிறது. 2024 நவம்பர் 30ஆம் நாள் இரவு ஃபெங்கல் புயல் புதுச்சேரியருகே கரையைக் கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை பெய்தது. சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1,60,000 கன அடிக்கும் மேலாக நீர் திறந்துவிடப்பட, டிசம்பர் 2ஆம் நாள் தென்பெண்ணையும் மலட்டாறும் கரைபுரண்டு, திருவெண்ணெய்நல்லூர் வட்டாரத்துச் சிற்றூர்களையும் அரசூரருகே நெடுஞ்சாலையையும் மூழ்கடித்தன. அம்மக்கள் நடுவே நின்று "புயல்" என்று சொல்லும் அருளுரையாளர், அச்சொல் சுமந்துவரும் பொருள்களை அறிந்து சொல்லுதல் நன்று.

பழந்தமிழில் புயல் என்பது மேகம்; மேகம் பொழியும் மழை; அம்மழை தரும் நீர். திருக்குறளின் வான்சிறப்பு அதிகாரத்தில், 14ஆம் குறளில், இச்சொல் மழையையே குறிக்கிறது. அங்கே உழவன் அஞ்சுவது புயல் வருவதையன்று, அது வாராமற்போவதையே. பெருங்காற்று என்னும் பொருள் பின்னரே மேலோங்கிற்று. இக்கால வானிலை அறிவிப்பில் காற்றின் வேகம் மணிக்கு 62 கி.மீ. அளவை எட்டிய பின்னரே ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் புயல் எனப் பெயர் பெறுகிறது. ஆங்கிலத்தில் வழங்கும் "சைக்ளோன்" என்பதோ, கல்கத்தாவில் வாழ்ந்த ஹென்றி பிடிங்டன் 1848இல் கிரேக்கத்திலிருந்து ஆக்கிய சொல். அது பாம்பின் சுருளை நினைவூட்டுவது. ஆங்கிலச் சொல் காற்றின் சுழற்சியைக் காட்ட, தமிழ்ச் சொல் மேகத்தின் கொடையிலிருந்து பிறந்தது.

நம் பழைய திருமறை மொழிபெயர்ப்பில் இச்சொல் வேறு வடிவில் மறைந்திருக்கிறது. சங்கீதம் 55:8, ஏசாயா 29:6 ஆகிய இடங்களில் வரும் "புசல்" என்பது புயலே. உயிர் "உசிர்" என்றும், உயரம் "உசரம்" என்றும் பேச்சில் வழங்குவதுபோலவே யகரம் இங்கே சகரமாயிற்று. மாற்கு 4:37இல் "சுழல்காற்று" என்றும், வேறு பல இடங்களில் "பெருங்காற்று" என்றும் மொழிபெயர்ப்பாளர் எழுதினர்.

யோபின் நூலில் ஒரு நுட்பம் உண்டு. யோபின் மக்களைக் கொன்ற காற்றுக்கும் (1:19), ஆண்டவர் அவனுக்கு மறுமொழி கூறிய காற்றுக்கும் (38:1) எபிரெயத்தில் வெவ்வேறு சொற்கள்: முன்னது "ரூஆக்", பின்னது "ஸெஆரா". தமிழிலோ இரண்டும் "பெருங்காற்று". ஆகவே, பிள்ளைகளைப் பறித்த அதே காற்றுக்குள்ளிருந்து கடவுளின் குரல் எழுவதாகத் தமிழ் வாசகர் கேட்கிறார். அக்குரல் என்ன சொல்லிற்று? "நீ பாவஞ் செய்ததால் இது நேர்ந்தது" என்று சொல்லவில்லை. அப்படிச் சொன்னவர்கள் நண்பர்களே. அவர்களையே ஆண்டவர் கடிந்துகொண்டார் (42:7). சீலோவாமில் கோபுரம் விழுந்து மாண்டவர்களைப் பற்றி நம் ஆண்டவர் கூறியதும் (லூக்கா 13:4) இதனோடு ஒத்ததே.

வீட்டையும் நெற்பயிரையும் இழந்து நிற்கும் குடும்பத்திடம், புயல் கடவுளின் தண்டனை என்று கூறுதல் எளிது. அது யோபின் நண்பர்களுடைய இறையியல். மறுபுறம், புயல் வெறும் பகையென்று கூறுவதும் முழு உண்மையாகாது. வடகிழக்குப் பருவத்தில் வங்கக்கடலில் எழும் இத்தகைய மண்டலங்களே இம்மாவட்டத்து ஏரிகளைப் பெரிதும் நிரப்புகின்றன. வாழ்விக்கும் நீரும் வருத்தும் காற்றும் ஒரு சொல்லுக்குள் அடங்கியிருப்பதை உழவர் நன்கறிவர். அவர்கள் துயரத்திற்குக் காரணங் கற்பித்தல் திருச்சபையின் பணியன்று. சேறு படிந்த வீட்டைக் கழுவ உடன் நின்று, விதைநெல்லுக்கு வழி செய்து, அதன் பின்னர் அவர்களோடு சேர்ந்து அடுத்த மழைக்காக மன்றாடுவதே அதன் பணியாம்.