சொத்து வரி அதிகமா? கோர்ட்டுக்குப் போகுமுன் ஒரு நிமிஷம்!

மாநகராட்சியிலிருந்து சொத்து வரி நோட்டீஸ் வந்ததும், ‘விடக் கூடாது, ஐகோர்ட்டுக்கே போயிடலாம்’ என்று கொதிக்கிறவர்கள் நம்மில் நிறையப் பேர். சூப்பர் ஸ்டாரும் அப்படித்தான் போனார்.

2020-ல் கொரோனா ஊரடங்கு. சென்னை கோடம்பாக்கத்தில் இருக்கும் ரஜினிகாந்தின் ராகவேந்திரா கல்யாண மண்டபம் மார்ச் 24 முதல் மூடிக்கிடந்தது. ஆனாலும், ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான அரையாண்டுக்கு 6.5 லட்சம் ரூபாய் கட்டச் சொல்லி நோட்டீஸ் வந்தது. ‘வருமானமே இல்லாத மண்டபத்துக்கு முழு வரியா?’ என்று சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார் ரஜினி.

நியாயமான கேள்விதான். அதற்குச் சட்டத்திலும் இடம் இருந்தது. அப்போது நடைமுறையில் இருந்த சென்னை மாநகராட்சிச் சட்டத்தின் 105-வது பிரிவின்படி, கட்டடம் தொடர்ந்து 30 நாள்களுக்கு மேல் காலியாக இருந்தால், அந்த அரையாண்டு வரியில் பாதி வரை தள்ளுபடி கேட்க முடிந்தது.

எங்கே சறுக்கியது?

வரிச் சலுகை கேட்டு அவர் மாநகராட்சிக்குக் கடிதம் அனுப்பியது செப்டம்பர் 23-ம் தேதி. பதில் வருவதற்குள் வழக்கு. அக்டோபர் 14-ம் தேதி விசாரித்த நீதிபதி அனிதா சுமந்த், ‘அதற்குள் என்ன அவசரம்?’ என்கிற ரீதியில் கடிந்துகொண்டார். அபராதம் விதிக்க நேரிடும் என்றும் எச்சரித்தார். மனுவைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னது ரஜினி தரப்பு. மறுநாளே வரியைக் கட்டிவிட்டு, ‘அனுபவமே பாடம்’ என்று ட்விட்டரில் பதிவிட்டார் ரஜினி.

கவனியுங்கள். தள்ளுபடிக்கு அவர் தகுதியானவரா, இல்லையா என்ற கேள்விக்கே வழக்கு போகவில்லை. தட்ட வேண்டிய கதவை முதலில் தட்டவில்லை என்பதுதான் பிரச்னை.

மதுரைக்காரர்களுக்கு என்ன பாடம்?

2022-ல் தமிழகம் முழுக்கச் சொத்து வரி உயர்ந்தது. மதுரை போன்ற மாநகராட்சிகளில் 600 சதுர அடிக்குள் இருக்கும் வீடுகளுக்கு 25 சதவிகிதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவிகிதம். வணிகக் கட்டடங்களுக்கும் 100 சதவிகிதம். கீழே கடை, மாடியில் போர்ஷன் என்று வாடகைக்கு விட்டிருப்பவர்களுக்கு இது பெரிய சுமை. அளவிலோ, பயன்பாட்டிலோ தவறு நடந்தால் சுமை இன்னும் கூடும்.

* நோட்டீஸில் கட்டட அளவு, தெருவின் மதிப்பு, வீடா கடையா என்ற விவரங்களைச் சரிபாருங்கள். குடியிருக்கும் மாடி ‘வணிகம்’ என்று பதிவாகியிருந்தால் வரி எகிறும்.

* ஆட்சேபனையை எழுத்தில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். வாய்வார்த்தை கோர்ட்டில் நிற்காது.

* மனுவுக்குப் பதில் வராவிட்டாலோ, பதிலில் திருப்தி இல்லாவிட்டாலோ மேல்முறையீடு செய்யுங்கள். அதற்கும் பிறகுதான் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை.

* நோட்டீஸே தராமல், உங்கள் தரப்பைக் கேட்காமல் வரி போட்டிருந்தாலோ, அதிகாரமே இல்லாதவர் உத்தரவிட்டிருந்தாலோ நேரடியாக ரிட் மனு போட வாய்ப்புண்டு.

‘ஆளைப் பிடிச்சு குறைச்சுக்கலாம்’ என்ற யோசனை மட்டும் வேண்டாம். மதுரை மாநகராட்சியில் அதிகாரிகளின் பாஸ்வேர்டைப் பயன்படுத்தி, கட்டடங்களுக்கு வரியைக் குறைத்துப் போட்டதாக எழுந்த புகார் 2025-ல் ஊரையே உலுக்கியது. கைதுகள் நடந்தன. மண்டலத் தலைவர்கள் பதவி விலகினார்கள். உயர் நீதிமன்றக் கிளையின் உத்தரவால் சிறப்புப் புலனாய்வுக் குழு விசாரணையில் இறங்கியது.

வரி தவறென்றால் எதிர்த்துக் கேட்பது உங்கள் உரிமை. அந்த உரிமைக்கு முதல் ஆதாரம், மாநகராட்சி முத்திரை விழுந்த உங்கள் மனுவின் நகல்தான். அதைப் பத்திரமாக வையுங்கள்!