வழிகாட்டிகளை இழந்த கொக்குகள்

டெல்லியிலும் ஆக்ராவிலும் வாழும் நம் குடும்பங்கள் குளிர்கால விடுமுறையில் சென்றுவரத் தக்க இடம் ராஜஸ்தானிலுள்ள பரத்பூர். அங்குள்ள கேவலாதேவ் தேசியப் பூங்கா, சுமார் 29 சதுர கிலோமீட்டர் பரப்புள்ளது. 1985-ஆம் ஆண்டு யுனெஸ்கோ அதனை உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம். பனிமூட்டம் விலகும் காலையில் ரிக்‌ஷாவில் ஏறிச் செல்லுங்கள். ஓட்டுநரே பறவைகளைப் பெயர்சொல்லிக் காட்டுவார். கருவேல மரங்களில் மஞ்சள்மூக்கு நாரைகள். நீர்ப்பரப்பில் இமயமலையைத் தாண்டி வந்த பட்டைத்தலை வாத்துகள். சிருஷ்டிகரின் ஞானம் எத்தனை ஆச்சரியமானது!

முற்காலத்தில் இது அரச குடும்பத்தின் வேட்டைக்களம். 1938-ஆம் ஆண்டு நவம்பரில் வைஸ்ராய் லின்லித்கோ பிரபுவின் கூட்டத்தார் ஒரே நாளில் 4,273 பறவைகளைச் சுட்டு வீழ்த்தினர். பிற்பாடு வேட்டை தடைசெய்யப்பட்டது. ஆயினும் ஒரு பறவை மாத்திரம் திரும்பி வரவில்லை.

அது வெண்ணிறமும் சிவந்த முகமும் உடைய சைபீரியக் கொக்கு. 1960-களில் ஏறத்தாழ 200 கொக்குகள் இங்கே குளிர்காலத்தைக் கழித்தன. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக வரும் நெடும்பயணத்தில் பல வேட்டையாடப்பட்டன. 2002-க்குப் பின் பரத்பூரில் ஒன்றும் காணப்படவில்லை.

கொக்குக் குஞ்சு தன் முதல் பயணத்தில் தாய் தகப்பனுடன் பறந்தே வழியைக் கற்றுக்கொள்கிறது. 1990-களில், மனிதர் வளர்த்த குஞ்சுகளை இங்கே வேறு இனக் கொக்குகளோடு சேர்த்துவிட்டுப் பார்த்தனர், அம்முயற்சி பலிக்கவில்லை. நீர் இருந்தது, இரை இருந்தது; வழிகாட்ட மூத்த பறவைதான் இல்லை.

அருமையான பெற்றோரே, பிழைப்பைத் தேடி நாமும் தூரதேசம் வந்தவர்களே. நம் பிள்ளைகள் இந்தியும் ஆங்கிலமும் சரளமாகப் பேசுகிறார்கள். ஆனால் குடும்ப ஜெபத்தில் தமிழ் வேதாகமம் கைமாறி வரும்போது, வாசிக்கத் தெரியாமல் அடுத்தவரிடம் தள்ளிவிடுகிறவர்கள் எத்தனை பேர்! குற்றம் அவர்களுடையதா? நாம் உடன் நடந்து காட்டாத வழியை அவர்கள் எப்படி அறிவார்கள்? பறவைகள் தங்கள் காலத்தை அறிந்திருக்க, தேவனுடைய ஜனமோ அறியாதிருக்கிறதே என்று எரேமியா தீர்க்கதரிசி துக்கித்தார் (எரே. 8:7).

இன்றிரவே பிள்ளையை அருகில் அமர்த்தி, ஒரு வசனத்தையாவது எழுத்துக்கூட்டி வாசிக்கச் செய்யுங்கள். தடுமாறினால் பொறுத்திருங்கள். நம் சந்ததி வழிதப்பாதபடி கர்த்தர் தாமே கிருபை செய்வாராக!