தோட்ட வீட்டிற்கு ஏற்ற நாய்

போடிநாயக்கனூர் மலைச்சரிவுகளில் ஏலத் தோட்டத்திலேயே குடியிருப்போருக்கு நாய் நல்ல துணை. ஆதரவின்றித் திரியும் நாயை எடுத்து வளர்ப்பது வரவேற்கத்தக்கது. ஆனால் அழகைவிடக் குணத்தையே முதலில் பார்க்க வேண்டும்.

அருகிலுள்ள கோம்பையின் பெயரைத் தாங்கிய கோம்பை நாய் காவலுக்குச் சிறந்தது. வேற்றாளை எளிதில் அண்டவிடாது. காய் எடுப்புக்குப் புது ஆட்கள் வந்துபோகும் வீட்டிற்கும், சிறு குழந்தைகள் உள்ள வீட்டிற்கும் சாந்தமான நாட்டு நாயே ஏற்றது.

இரண்டு மூன்று நாட்கள் உணவிட்டுப் பழகிப் பாருங்கள். தானாக அருகில் வந்து முகர்ந்து, வாலைத் தளர்வாக ஆட்டும் நாய் நல்லது. உண்ணும்போது உறுமும் நாயைக் குழந்தைகளுள்ள வீட்டில் சேர்க்க வேண்டாம். குட்டியாயின் 8 வாரம் நிறையுமுன் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது.

வெறிநோயின் அறிகுறி தோன்றியபின் மனிதர் பிழைப்பது மிக அரிது. எனவே நாயை உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டித் தடுப்பூசி போட வேண்டும். குட்டிக்கு 3 மாத வயதில் முதல் ஊசி. மறு ஊசியை மருத்துவர் கூறும் நாளில் தவறாது போடவும். ஊசி போட்ட அன்றே பாதுகாப்பு வந்துவிடாது.

கடித்தாலும் நகம் கீறினாலும் மஞ்சள், சுண்ணாம்பு வைக்காமல், சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மலையிறங்க வேண்டுமே என்று தள்ளிப்போடாமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்வது உயிரைக் காக்கும்.